பள்ளிச் சுவரில் ரயில் பெட்டி: எந்த எழுத்து எங்கே, ஏன்?

கேள்வி இதுதான். குடியாத்தம் பக்கத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளி. வரிசையாக மூன்று வகுப்பறைகள். வெளிச்சுவரின் நீளம் 21 மீட்டருக்குச் சற்று மேல். அதை நீல ரயில் பெட்டியாகத் தீட்டப் போகிறார்கள். “பெட்டி மேல் இருக்கும் எண், எழுத்து, சின்னம் எல்லாம் எதற்கு வந்தவை? எதைச் சுவரில் எழுதலாம், எந்த அளவில், எப்படி எழுதுவது?” என்று அங்குள்ள ஆசிரியர் கேட்கிறார்.

முதலில் ஒரு நல்ல சேதி. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். வடிவமைத்த பெட்டியின் உடல் நீளம் 21.337 மீட்டர். உங்கள் சுவர் ஏறக்குறைய முழு அளவுப் பெட்டியேதான். சுருக்கவும் வேண்டாம், பெருக்கவும் வேண்டாம். காட்பாடியில் வண்டி நிற்கும்போது டேப் எடுத்துக்கொண்டு அளக்கப் போகாதீர்கள். எதிர் பிளாட்பாரத்தில் நின்று பெட்டிக்கு நேர் எதிரே ஒரு படம் எடுத்தால் போதும். படத்தில் முழு நீளம் 21.337 மீட்டர் என்று வைத்துக்கொண்டு ஜன்னல், கதவு, எழுத்து எல்லாவற்றையும் விகிதத்தில் கணக்கிடலாம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளே போட்டுவிடக்கூடிய கணக்கு.

எழுத்துக்கு வருவோம். ரயிலில் எழுத்து அழகுக்காக வந்ததல்ல, கணக்குக்காக வந்தது. இதைப் பிடித்துக்கொண்டால் பெட்டி மேல் இருக்கும் ஒவ்வொரு எழுத்தும் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பது தானாகப் புரியும்.

பிரிட்டனில் தொடக்க நாளில் ஒவ்வொரு தடமும் ஒவ்வொரு கம்பெனியுடையது. ஒரு கம்பெனியின் சரக்கு வேகன் இன்னொரு கம்பெனியின் தடத்தில் ஓடினால் யார் யாருக்கு எவ்வளவு தருவது? இதைத் தீர்க்க 1842-ல் ‘ரயில்வே கிளியரிங் ஹவுஸ்’ என்ற கணக்குத் தீர்வகத்தைத் தொடங்கினார்கள். அதன் ஆட்கள் சந்திப்பு நிலையங்களில் நின்று, கடந்து போகும் ஒவ்வொரு வேகனின் எண்ணையும் உரிமையாளர் பெயரையும் குறித்துக்கொண்டார்கள். ‘நம்பர் டேக்கர்’ என்பது அந்த வேலையின் பெயர். மழையிலும் இருட்டிலும் கைவிளக்கு வெளிச்சத்தில் படிக்க வேண்டும். அதனால்தான் எழுத்து பெரிதாக, தடித்ததாக, மனிதக் கண்ணின் உயரத்தில் வந்தது. எண்ணைத் தப்பாகப் படித்தால் பணம் போகும். கம்பெனிப் பெயரை இரண்டு மூன்று முதலெழுத்துகளாகச் சுருக்கிய வழக்கம் வேரூன்றியதற்கும் இந்தக் கணக்குதான் காரணம்.

நம் வேலூர்ப் பகுதிக்கும் இந்தக் கதையில் தொடக்கத்திலேயே இடமுண்டு. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. நடத்தியது மெட்ராஸ் ரயில்வே கம்பெனி. தடம் பிறகு காட்பாடி, குடியாத்தம், ஜோலார்பேட்டை என்று மேற்கே நீண்டது. 1891-ல் விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை, வேலூர் வழியாகக் காட்பாடிக்கும், அங்கிருந்து பாகாலாவுக்கும் மீட்டர் கேஜ் பாதை வந்தது. அது சவுத் இந்தியன் ரயில்வேக்கு உரியது. ஆக, அன்று காட்பாடியில் இரண்டு கம்பெனிகள், இரண்டு தட அகலங்கள்: ஒன்று 1,676 மில்லிமீட்டர், மற்றது 1,000. வேகன் ஒரு தடத்திலிருந்து மற்றதற்கு மாற முடியாது, சரக்கைத்தான் இறக்கி ஏற்ற வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் எந்த வேகனிலிருந்து எந்த வேகனுக்கு எத்தனை மூட்டை என்று குறிக்க, வேகன் மேல் இருக்கும் எண் ஒன்றுதான் கதி.

பெயர்கள் மாறியதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1908-ல் மெட்ராஸ் ரயில்வே, சதர்ன் மராத்தாவுடன் இணைந்து ‘மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராத்தா’ ஆனது. 1944-ல் அதையும் சவுத் இந்தியனையும் அரசே எடுத்துக்கொண்டது. 1951 ஏப்ரல் 14 அன்று இவை இரண்டும் மைசூர் ஸ்டேட் ரயில்வேயும் சேர்ந்து தெற்கு ரயில்வே ஆயின. ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கான பெட்டிகளில் பழைய முதலெழுத்தை அழித்துப் புதியதை எழுத வேண்டும். நாடு முழுக்க ஒரே நாளில் நடக்கிற காரியமல்ல அது. பெட்டி பராமரிப்புக்குப் பணிமனைக்குள் வரும்போதுதான் எழுத்து மாறும். ஒரே வண்டியில் பழைய பெயரும் புதிய பெயரும் பக்கத்துப் பக்கத்தில் தெரியும் படங்கள் உலகெங்கும் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

சின்னம் அதன் பிறகு வந்தது. பிரிட்டிஷ் கம்பெனிகள் முதலில் பயணிகள் பெட்டிக் கதவுகளில் ராஜ முத்திரை மாதிரி கேடயம், சிங்கம், நகரங்களின் சின்னங்கள் எல்லாம் சேர்த்த அலங்காரத்தைப் போட்டுக்கொண்டன. அவற்றைக் கையால் வரைந்தால் கட்டுப்படியாகாது. அச்சிட்ட படத்தைத் தலைகீழாக ஒட்டி, ஈரத் துணியால் தாளை மட்டும் உரித்தெடுத்து, மேலே வார்னிஷ் பூசினார்கள். பிள்ளைகள் கையில் ஒட்டிக்கொள்ளும் நீர் ஸ்டிக்கரின் பெரிய அண்ணன் என்று சொல்லலாம். தங்க எழுத்துக்கு உண்மையான தங்கத் தகடு ஒட்டி, ஒரு பக்கமாக நிழல் தீட்டினார்கள். அழகுதான். ஆனால் 20 மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் அந்தக் கேடயம் ஒரு பழுப்புத் திட்டு மட்டுமே. சரக்கு வேகனில் அதைப் போட யாரும் முனையவில்லை. அங்கே வெள்ளை எழுத்து மட்டும்தான்.

ரயில் சின்னங்களின் வரலாறு முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவே நடந்த இழுபறிதான்: ஒரு பக்கம் பெருமை காட்டும் அலங்காரம், மறுபக்கம் தூரத்திலிருந்து, ஓடும்போது, புழுதியோடு படிக்கப்பட வேண்டிய தேவை. என் தீர்ப்பைக் கேட்டால், ஒவ்வொரு முறையும் இரண்டாவதுதான் நிலைத்தது.

அமெரிக்காவின் பென்சில்வேனியா ரயில்ரோடு ஒரு வளைவின் நடுக்கல் வடிவத்தை எடுத்துக்கொண்டது. அந்த மாநிலத்துக்கே ‘நடுக்கல் மாநிலம்’ என்ற பட்டப்பெயர் உண்டு. எளிய உருவம், சிவப்பு ஒரே நிறம், ஆகவே பல தலைமுறை தாங்கியது. நார்தர்ன் பசிபிக் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் மக்ஹென்றி 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சியில் கொரியக் கொடியைப் பார்த்தார். அதன் நடுவில் ஒன்றையொன்று தழுவிச் சுழலும் இரு நிற வட்டம் அவர் மனத்தைக் கவர, அதுவே அவர் கம்பெனியின் சின்னமாயிற்று. எங்கோ ஒரு கிழக்கு நாட்டின் தத்துவ உருவம் அமெரிக்கச் சரக்கு வேகன்களில் ஏறி ஓடியது.

எழுத்துருவில் பெரிய திருப்பம் லண்டனில். 1916-ல் எட்வர்ட் ஜான்ஸ்டன் லண்டன் பாதாள ரயிலுக்காக ஓர் எழுத்துருவை வரைந்தார். முனைகளில் கொம்பு இல்லை, ‘ஓ’ எழுத்து சுத்தமான வட்டம், கோட்டின் தடிமன் எங்கும் ஒன்றே. அவரிடம் பழகிய எரிக் கில் வரைந்த ‘கில் சான்ஸ்’ எழுத்துருவை லண்டன் அண்ட் நார்த் ஈஸ்டர்ன் ரயில்வே 1929-ல் தன் எழுத்தாக ஏற்றுக்கொண்டது. அங்கே நடந்ததுதான் முக்கியம்: கால அட்டவணை, விளம்பரம், நிலையப் பலகை, எஞ்சின் பெயர்ப் பலகை எல்லாமே ஒரே எழுத்தில் வந்தன. அதற்கு முன் ஒவ்வொரு பணிமனையும் தன் தன் பெயிண்டரின் கைப்பழக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தது.

1948-ல் பிரிட்டனில் எல்லாக் கம்பெனிகளும் தேசியமயமானபோது சக்கரத்தின் மேல் கால் பரப்பி நிற்கும் சிங்கத்தைச் சின்னமாக்கினார்கள். 1956-ல் வேறொரு சிங்கம். இரண்டும் பழைய கேடயத்தின் தொடர்ச்சி. 1965-ல் அது முழுவதும் போய், டிசைன் ரிசர்ச் யூனிட்டைச் சேர்ந்த ஜெர்ரி பார்னி வரைந்த இரட்டை அம்பு வந்தது: இணையாக இரண்டு கோடுகள் என்றால் தண்டவாளம், அவற்றில் எதிரெதிர்த் திசையில் இரண்டு அம்புகள் என்றால் போவதும் வருவதும். கூடவே ஜாக் கின்னியரும் மார்கரெட் கால்வெர்ட்டும் ‘ரயில் ஆல்ஃபபெட்’ எழுத்துருவைக் கொடுத்தார்கள். பிரிட்டிஷ் ரயில் என்ற நிறுவனமே பிறகு கலைந்துவிட்டது. அம்பு இன்றும் அங்கே ஒவ்வொரு நிலைய வாசலிலும் நிற்கிறது. ஸ்டென்சிலில் ஒரே நிறத்தில் ஒரு நிமிடத்தில் அடிக்கலாம். கட்டைவிரல் அகலத்திலும் தெரியும், கட்டடத்தின் உயரத்திலும் தெரியும்.

ஆனால் அந்த அம்பிலும் ஒரு சிக்கல் இருந்தது, உங்களுக்கும் அது பயன்படும். திசை உள்ள சின்னத்துக்கு முன்பின் உண்டு. அதே நிர்வாகத்தின் கப்பல்களில் புகைபோக்கியின் ஒரு பக்கத்தில் அம்பு கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி வரையப்பட்டது, மேல் அம்பு எப்போதும் கப்பலின் முன்பக்கத்தைக் காட்ட வேண்டும் என்பதற்காக. எஞ்சினிலோ பெட்டியிலோ அப்படித் திருப்புவதில்லை. வண்டி இரு திசையிலும் ஓடும் அல்லவா? பள்ளிக்குச் சின்னம் வரையும்போது ஓடும் குதிரை, பறக்கும் கிளி போன்ற திசை உள்ள உருவத்தை எடுத்தால், சுவரின் எந்த முனை ‘முன்’ என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் சிறந்தது 1960-ல் ஆலன் ஃப்ளெமிங் கனடாவின் ‘கனடியன் நேஷனல்’ ரயில்வேக்கு வரைந்தது. ‘சி’, ‘என்’ ஆகிய இரண்டு ஆங்கில எழுத்துகளும் கை எடுக்காமல் போட்ட ஒரே கோடு; தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே தடிமன். கோலத்தில் இழை அறுபடாமல் முடிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதன் அருமை சொல்லாமலே விளங்கும். அந்தக் கோடு ஒரே நேரத்தில் எழுத்தும் தண்டவாளமும் ஆகிறது. 60 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அதை யாரும் தொடவில்லை.

இந்தியாவில் பிள்ளைகளுக்குப் பிடித்தது ‘போலு’ யானை. ரயில்வேயின் 150-வது ஆண்டையொட்டி 2002-ல் பெங்களூரில் அறிமுகமானது. கார்டு உடையில், கையில் பச்சை விளக்கோடு நிற்கும் யானை. பிள்ளைகள் அதைக் கேட்பார்கள். என்றாலும் ரயில்வேயின் அதிகாரச் சின்னத்தையோ போலுவையோ சுவரில் அப்படியே போட வேண்டாம். உங்கள் பள்ளிக்கென்று ஒன்று வரையுங்கள். வேலூர்க் கோட்டைக் கொத்தளத்தின் பல்வரிசையை ஒரே கோட்டில் இழுத்துத் தண்டவாளமாக முடித்தாலே நல்ல சின்னம். வரைந்ததும் மூன்று சோதனை செய்யுங்கள்: கறுப்பு ஒரே நிறத்தில் தெரிகிறதா, 20 மீட்டர் தள்ளி அடையாளம் தெரிகிறதா, தபால்தலை அளவில் சுருக்கினாலும் கோடுகள் ஒட்டாமல் நிற்கின்றனவா? ஒன்றில் தேறாவிட்டாலும் எதையாவது நீக்குங்கள், சேர்க்காதீர்கள்.

இனிப் பெட்டியைப் படிப்போம். பக்கவாட்டில் இரு முனைகளுக்கு அருகே எழுதியிருக்கும் 5 இலக்க எண்தான் பெட்டியின் நிலையான பெயர். முதல் இரண்டு இலக்கம் தயாரான ஆண்டு. அடுத்த மூன்று வரிசை எண், ஆனால் அதிலேயே வகுப்பும் அடங்கியிருக்கும்: 001 முதல் 025 வரை முதல் வகுப்பு ஏ.சி., 051 முதல் 100 வரை இரண்டடுக்கு ஏ.சி., 101 முதல் 150 வரை மூன்றடுக்கு ஏ.சி., 201 முதல் 400 வரை ஸ்லீப்பர், 401 முதல் 600 வரை முன்பதிவில்லாப் பொதுப் பெட்டி, 701 முதல் 800 வரை கார்டு அறையும் லக்கேஜும் சேர்ந்த எஸ்.எல்.ஆர். ஆக 98437 என்றால் 1998-ல் பிறந்த பொதுப் பெட்டி. புதிய பெட்டிகளில் எண்ணிக்கை பெருகியதால் 6 இலக்கம் வந்துவிட்டது. உங்கள் நீலப் பெட்டிக்கு 5 இலக்கமே பொருத்தம்: கட்டடம் எழுந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம், பின்னால் 401 முதல் 600-க்குள் ஓர் எண். எல்லோரும் ஏறும் பெட்டிதானே பள்ளி.

‘எஸ்4’, ‘பி2’, ‘டி1’ என்பவை வேறு. அவை அன்றைய வண்டியில் பெட்டி நிற்கும் இடம், நாளைக்கே மாறலாம். அதனால் அவற்றைப் பெட்டியோடு சேர்த்து எழுதாமல் கதவருகே தகடாகவோ ஸ்டிக்கராகவோ போடுகிறார்கள். வகுப்பறை மாறிக்கொண்டே இருக்கும் பள்ளிக்கும் இதே வழி நல்லது: 6-ஆம் வகுப்பு, 7-ஆம் வகுப்பு என்பதைச் சுவரில் எழுதாதீர்கள், கொக்கியில் மாட்டும் பலகையாக்குங்கள்.

எண்ணோடு வரும் ஆங்கிலச் சுருக்கெழுத்தில் பலர் தவறுவது ஓரிடத்தில். பெட்டியின் குறியீடு ‘டபிள்யூ.ஜி.எஸ்.சி.என்.’ என்று தொடங்கினால் அந்த டபிள்யூ அகலப் பாதையைக் குறிப்பதில்லை. ஒரு பெட்டியிலிருந்து மற்றதற்கு உள்ளேயே நடந்து போகும் வழி உண்டு என்று பொருள். ஜி என்றால் பெட்டி தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது, எஸ் இரண்டாம் வகுப்பு, சி.என். மூன்றடுக்குப் படுக்கை. எஞ்சினில்தான் டபிள்யூ அகலப் பாதை. ‘டபிள்யூ.ஏ.பி.7’ என்பதில் ஏ மாற்று மின்சாரம், பி பயணிகள் வண்டி, 7 மாதிரி வரிசை. மீட்டர் கேஜ் எஞ்சின்களில் அந்த முதல் எழுத்து ‘ஒய்’. பக்கத்துச் சுவரில் எஞ்சின் வரைவதாக இருந்தால் பக்கவாட்டில் அதன் சொந்தப் பணிமனைப் பெயரும் வரும். நமக்கு அரக்கோணம் மின் எஞ்சின் ஷெட் இருக்கிறது. அதன் குறியீடு ‘ஏ.ஜே.ஜே.’ அந்த மூன்று எழுத்தும் வண்டியோடு வடநாடு வரை போய் வருகின்றன.

நீலப் பெட்டியின் கடைசி ஜன்னல்களுக்கு மேல் தெரியும் வெளிறிய சாய்கோடுகள் முன்பதிவில்லாப் பெட்டிக்கு அடையாளம். இருபது பெட்டி வண்டி உள்ளே நுழையும்போதே கூட்டம் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று சொல்ல வந்தவை. உங்கள் எண் 401-க்கு மேல் என்பதால் இந்தக் கோடுகள் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் ரயில் தெரிந்த பிள்ளை முதல் நாளே பிழை கண்டுபிடித்துவிடும்.

வண்டியின் கடைசிப் பெட்டியில் பெரிய மஞ்சள் பெருக்கல் குறியும், ‘எல்.வி.’ (‘லாஸ்ட் வெஹிகிள்’, அதாவது கடைசிப் பெட்டி) என்று எழுதிய சிறு பலகையும், இரவில் சிவப்பு விளக்கும் இருக்கும். கடந்து போகும் வண்டியின் கடைசியில் இவற்றைப் பார்த்தால்தான், நடுவில் எந்தப் பெட்டியும் கழன்று தடத்தில் நிற்கவில்லை, வண்டி முழுதாகப் போய்விட்டது என்று நிலைய ஊழியர் உறுதி செய்வார். அதற்குப் பிறகுதான் அடுத்த வண்டிக்கு வழி. ரயிலில் எழுதப்படுவனவற்றில் உயிரைக் காக்கும் குறி இது. அதனால் பெட்டியின் நடுப்பகுதியில் அலங்காரமாகப் போட்டுவிடாதீர்கள். சுவரின் கடைசி முனை வளைந்து திரும்பும் குறுக்குச் சுவரில் போடுங்கள்.

கணக்கு ஆசிரியருக்கு ஒரு பரிசும் இருக்கிறது. சரக்கு வேகனின் எண் 11 இலக்கம்: முதல் இரண்டு வேகனின் வகை, அடுத்த இரண்டு உரிமையுள்ள ரயில்வே (06 என்றால் தெற்கு), அடுத்த இரண்டு தயாரான ஆண்டு, பிறகு நான்கு வரிசை எண், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். கணக்குக்காக 31 06 05 1247 என்று வைப்போம். இரட்டை இடங்களில் இருக்கும் இலக்கங்களைக் கூட்டினால் 1+6+5+2+7 = 21; மூன்றால் பெருக்கினால் 63. ஒற்றை இடங்கள் 3+0+0+1+4 = 8. மொத்தம் 71. அடுத்து வரும் பத்தின் மடங்கு 80. வித்தியாசம் 9, அதுதான் கடைசி இலக்கம். ஒரே ஓர் இலக்கம் தப்பாகக் குறிக்கப்பட்டாலும் கூட்டல் உதைக்கும், கணினி பிழை என்று சொல்லிவிடும். அன்று கைவிளக்கோடு நின்ற நம்பர் டேக்கரின் வேலையை இன்று இந்த ஒற்றை இலக்கம் காவல் காக்கிறது. ஒரு குறுஞ்சுவரில் வேகன் வரைந்து கடைசி இலக்கத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டால், தினம் ஒரு வகுப்பு சாக்பீஸால் நிரப்பலாம்.

தமிழ் எழுத்துக்குத் தனியாகக் கவனம் வேண்டும், ஏனென்றால் ஸ்டென்சில் கலை ஆங்கில எழுத்துக்காகப் பழகியது. ஆங்கிலத்தில் மூடிய கண் உள்ள எழுத்து சில மட்டுமே. நம்மிடம் க, த, வ, ம, ண, ன, ழ என்று சுழியும் கண்ணும் நிறைய. தகட்டை அப்படியே வெட்டினால் கண்ணின் உள்பகுதி விழுந்துவிடும். ஆகையால் உள்பகுதியைத் தகட்டோடு பிடித்துவைக்க 4 அல்லது 5 மில்லிமீட்டர் அகலத்தில் பாலம் விட்டு வெட்டி, வண்ணம் காய்ந்தபின் அந்த இடைவெளியைத் தூரிகையால் மூடுங்கள். அப்படியே விட்டால் ‘ண’வின் சுழிகள் அறுந்துபோய்ப் படிக்கவே வராது. கோட்டின் தடிமன் ஆங்கிலத்துக்கு உயரத்தில் ஆறில் ஒரு பங்கு என்றால், தமிழுக்கு எட்டில் ஒரு பங்கு போதும். அதற்கு மேல் போனால் சுழி அடைத்துக்கொள்ளும். புள்ளியை வளையமாகப் போடாமல் நிரப்பிய வட்டமாகப் போடுங்கள், விட்டம் கோட்டின் தடிமனைவிடச் சற்று அதிகம், எழுத்தின் தலையிலிருந்து ஒரு கோட்டுத் தடிமன் தள்ளி. புள்ளி ஒட்டிக்கொண்டாலோ மங்கினாலோ ‘காட்பாடி’ தூரத்திலிருந்து ‘காடபாடி’ ஆகிவிடும்.

நிலையப் பலகையும் வரையப் போகிறீர்கள் என்றால், மஞ்சள் தளத்தில் கறுப்பு. மேலே தமிழ், நடுவில் இந்தி, கீழே ஆங்கிலம். அடியில் கடல் மட்டத்திலிருந்து உயரம். பழைய புகைப்படத்தைப் பார்த்து எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றதற்கு முந்தைய பலகைகளில் ‘ணா’வும் ‘லை’யும் வேறு வடிவம். நம் தடத்தில் இருக்கும் ‘திருவண்ணாமலை’ என்ற ஒரே பெயரில் இரண்டும் வரும்; அந்த ஊர்ப் பலகையின் படத்தை வைத்தே ஏறக்குறையக் காலம் சொல்லிவிடலாம்.

இப்போது வேலை. சுவர் 21.3 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம் என்றால் 64 சதுர மீட்டர். கதவு, ஜன்னல் கழித்து 48 என்று கொள்வோம். ரயில்வே பெட்டிக்கு எனாமலோ பி.யு. என்னும் பாலியூரிதேன் பெயிண்டோ அடிக்கிறது என்பதற்காகச் சுவருக்கும் எனாமல் வாங்காதீர்கள். பெட்டி இரும்பு, உங்கள் சுவர் சிமெண்ட் பூச்சு. சிமெண்டின் காரம் ஈரத்தோடு சேர்ந்து எண்ணெய் பெயிண்டைச் சோப்பாக மாற்றி உரித்துவிடும். வெளிப்புற அக்ரிலிக் எமல்ஷன்தான் வேண்டும். புதுப் பூச்சாக இருந்தால் 28 நாள் காய விடுங்கள். பழைய சுண்ணாம்பு இருந்தால் கம்பி பிரஷால் தேய்த்து முழுக்க எடுங்கள். கையால் தடவினால் வெள்ளை ஒட்டக் கூடாது. பிரைமர் ஒரு கை, 5 லிட்டர். அடர்நீலம் இரண்டு கை, 7 லிட்டர். ஜன்னல் மட்டத்து வெளிர்நீலப் பட்டை இரண்டு கை, மூன்றரை லிட்டர். எழுத்துக்கு மஞ்சள் அரை லிட்டர் தாராளம். வெளிர்நீலத்தை முதலில் அடித்துவிட்டு அடர்நீலத்தைப் பின்னால் அடிப்பது சுலபம். அடர்நிறத்தின் மேல் வெளிர்நிறம் மூடுவதற்கு மூன்றாவது கை கேட்கும்.

மேற்கு பார்த்த சுவரென்றால் காலை 6 மணிக்குத் தொடங்கி 10 மணிக்குள் முடியுங்கள். நம் ஊர் வெயிலில் சூடேறிய சுவரில் எமல்ஷன் தூரிகை ஓடும்போதே காய்ந்து, கோடு கோடாகத் தடம் நிற்கும். பட்டையின் ஓரத்துக்கு மாஸ்கிங் டேப் ஒட்டியபின், அடியில் இருக்கும் அதே வெளிர்நீலத்தை டேப்பின் விளிம்பில் ஒருமுறை இழுத்துக் காய விடுங்கள். கசிய வேண்டியது அந்த நிறமே கசிந்து இடுக்கை அடைத்துவிடும். அதன் மேல் அடர்நீலம் அடித்தால் ஓரம் கத்தியால் வெட்டியது போல நிற்கும். டேப்பை முழுக்கக் காயும் முன் உரியுங்கள். காய்ந்தபின் இழுத்தால் பெயிண்ட் தோலோடு வரும்.

எழுத்தின் அளவுக்குச் சைன்போர்டு பெயிண்டர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு: 25 மில்லிமீட்டர் உயரத்துக்கு 3 மீட்டர் தூரம் சௌகரியமாகப் படிக்கலாம். மைதானத்தில் 18 மீட்டர் தள்ளி நிற்கும் பிள்ளைக்கு 150 மில்லிமீட்டர் வேண்டும். அந்த உயரத்தில் ஓர் இலக்கம் 90 மில்லிமீட்டர் அகலம், இடைவெளி 30. ஐந்து இலக்க எண்ணுக்கு 600 மில்லிமீட்டர் இடம் ஒதுக்குங்கள். ஜன்னல் மேல் பட்டையில் வரும் பள்ளிப் பெயருக்கு 250 முதல் 300. பெயரின் எழுத்துகளை முதலில் காகிதத்தில் முழு அளவில் எழுதிச் சுவரில் ஒட்டிப் பாருங்கள். நேராக எழுதத் தொடங்கி ஊர்ப் பெயருக்கு இடமில்லாமல் கடைசி மூன்று எழுத்தை நெருக்கிய சுவர்கள் எத்தனையோ.

மேல் கோடு, கீழ்க் கோடு இரண்டையும் நீலப்பொடி தடவிய நூலால் அடித்துக்கொள்ளுங்கள். ரசமட்டம் வைத்துப் பார்த்தே நூலைக் கட்டுங்கள். தரை சாய்ந்திருந்தால் தரையிலிருந்து அளந்த கோடும் சாயும். எழுத்து வரைந்த காகிதத்தில் ஓரத்தோடு ஊசியால் 5 மில்லிமீட்டருக்கு ஒரு துளையிட்டுச் சுவரில் ஒட்டி, மெல்லிய துணியில் கட்டிய கரிப்பொடியைத் தட்டினால் சுவரில் புள்ளி புள்ளியாக எழுத்து இறங்கும். எண்களுக்குப் பழைய எக்ஸ்ரே ஃபிலிம் நல்ல ஸ்டென்சில். தண்ணீர் கலக்காத பெயிண்டை ஸ்பாஞ்சில் ஒற்றி, தாளில் ஒருமுறை தட்டி வடித்த பிறகு ஒற்றுங்கள். தேய்த்தால் ஃபிலிமுக்கு அடியில் ஓடி ஓரம் மீசை வைத்துக்கொள்ளும்.

வினைல் ஸ்டிக்கரை இன்று ரயில்வேயே நிறையப் பயன்படுத்துகிறது. சுவருக்கு நான் சொல்ல மாட்டேன். காயாத பெயிண்ட் மேல் ஒட்டினால் ஆவி வெளியேற வழியின்றிக் குமிழ் விடும். சொரசொரப்பான பூச்சில் ஓரம் தூக்கிக்கொள்ளும். தூக்கிய ஓரத்தைப் பிள்ளைகள் சும்மா விட மாட்டார்கள்.

எண்ணைத் தரையிலிருந்து ஒரு மீட்டருக்குக் கீழே இறக்காதீர்கள். ஓடும் பெட்டியில் பிரேக் கட்டை தேய்ந்து பறக்கும் தூள் கீழ்ப்பகுதியைத் துருநிறமாக்கி எழுத்தை விழுங்கிவிடும். உங்கள் சுவரில் அந்த வேலையை மழைச் சேறும் பிள்ளைகளின் செருப்புக் கால்களும் செய்யும். கீழ் 60 சென்டிமீட்டரைக் கறுப்பாக்கிச் சக்கரமும் ஸ்பிரிங்கும் வரைந்துவிட்டால் அழுக்கே பொருத்தமாக அமைந்துவிடும்.

கடைசியாக, பெட்டியின் முனைச் சுவரில் ஒரு சிறு கட்டம் உண்டு, பலர் கவனிப்பதில்லை. முழுப் பராமரிப்பு முடிந்த தேதி, செய்த பணிமனையின் குறியீடு, மறுபடி பணிமனைக்குத் திரும்ப வேண்டிய தேதி என்று மூன்று வரி. ஐ.சி.எஃப். விரைவு வண்டிப் பெட்டிக்கு இரண்டு தேதிக்கும் இடையே 18 மாதம். பெருக்கல் குறி போடும் அதே குறுக்குச் சுவரில் 50 மில்லிமீட்டர் எழுத்தில் அந்தக் கட்டத்தையும் வரையுங்கள்: தீட்டிய மாதம், பணிமனைக் குறியீட்டின் இடத்தில் பள்ளியின் பெயர்ச் சுருக்கம், 18 மாதம் கழித்து வரும் திரும்பும் தேதி. அந்தத் தேதியை மட்டும் சாக்பீஸால் எழுதுங்கள். அந்த மாதம் வந்ததும் மேற்குச் சுவரில் நீலம் வெளுத்திருக்கிறதா, ஜன்னலுக்குக் கீழே உப்பு பூத்திருக்கிறதா, புள்ளிகள் எல்லாம் இருக்கின்றனவா என்று பிள்ளைகளை விட்டே பார்க்கச் சொல்லி, புதுத் தேதியை எழுதச் சொல்லுங்கள்.